நிலா தன்னைத்தானே சுற்றுகிறதா? மாங்குளத்து வீட்டு வழக்குக்கு ஒரு பதில்

மாங்குளத்தில் இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஒன்பதாம் தரத்தில் படிக்கும் மகள், நிலா பூமியைச் சுற்றுவதோடு தன்னைத்தானேயும் சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறாள். தகப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அண்ணை, யானைக்கும் பன்றிக்கும் காவலாக வருடக்கணக்கில் பரணில் இரவிரவாக இருந்தவன் நான். எந்தப் பறுவத்திலும் அதே முயல்தான். சுற்றுகிறது என்றால் ஒருநாளாவது முதுகைக் காட்டாதா?" என்பது அவர் வாதம். அதோடு விடவில்லை. மாலையில் ஒருமாதிரி இருக்கிற முயல் விடியப்புறம் தலைகீழாகக் கிடப்பது ஏன், வெள்ளிக் கோளில் ஒருநாள் ஒரு வருடத்தைவிடப் பெரியது என்கிறார்களே உண்மையா, பூமி இந்த வேகத்தில் சுழன்றால் எங்களுக்கு ஏன் தெரியவில்லை, தொட்டித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போவதும் அதனாலா என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்.

முதல் வழக்கில் தீர்ப்பு மகள் பக்கம். நிலா சுற்றுகிறது. ஒரே முகம் தெரிவதே அதற்குச் சாட்சி. தகப்பனின் கண்ணில் பிழை இல்லை, அவர் பார்த்தது முழுக்க உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் மாறிப்போயிற்று.

இதைப் பேசித் தீர்க்க முடியாது, நடந்து பார்க்க வேண்டும். முற்றத்தில் வேப்பமரம் இருக்குமல்லவா? மரம் பூமி, நீங்கள் நிலா. மரத்துக்கு மேற்கே நின்று, மரத்தைப் பாருங்கள். இப்போது உங்கள் முகம் கிழக்கே. முகத்தை மரத்தில் இருந்து எடுக்காமல் மெல்லச் சுற்றி வாருங்கள். மரத்துக்குத் தெற்கே வரும்போது முகம் வடக்கே திரும்பியிருக்கும். கிழக்கே வந்தால் முகம் மேற்கே. வடக்கே வந்தால் முகம் தெற்கே. தொடங்கிய இடத்துக்கு வரும்போது நான்கு திசையையும் ஒருமுறை பார்த்து முடித்திருப்பீர்கள். தன்னைத்தானே ஒருமுறை சுற்றுவது என்றால் வேறென்ன?

அப்புறம் அதே நடையைச் சுற்றாமல் நடந்து பாருங்கள். முகம் எப்போதும் கிழக்கே இருக்க வேண்டும், உடம்பு திரும்பக்கூடாது. கொஞ்சம் பக்கவாட்டாக, கொஞ்சம் பின்பக்கமாக நடக்க வேண்டி வரும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இப்படிப் போனால் மரம் முதலில் உங்கள் முகத்தைக் காணும், பிறகு இடது தோளை, பிறகு முதுகை, பிறகு வலது தோளை. சுற்றாத நிலாதான் மாதம் ஒருமுறை முதுகைக் காட்டும். நிலா அப்படிக் காட்டாததால், பூமியை ஒருமுறை வலம் வருகிற நேரத்திலேயே தன்னையும் ஒருமுறை சுற்றிக்கொள்கிறது என்று ஆகிறது. அந்த நேரம் 27 நாள், 7 மணித்தியாலம், 43 நிமிடம்.

மரத்தடியில் இருப்பவரைக் கேட்டால் "இவர் திரும்பவே இல்லை, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார்" என்பார். வீதியில் நிற்பவரைக் கேட்டால் "சுழன்று போனார்" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே ஒரு கோளோ நிலாவோ சுழல்கிறதா என்று கேட்கும்போதெல்லாம், எதை வைத்துப் பார்த்துச் சொல்கிறோம் என்பதை முதலில் கேட்க வேண்டும். வானியலில் தூரத்து நட்சத்திரங்களை வைத்துப் பார்ப்பது வழக்கம். அவைதான் இங்கே வீதியில் நிற்கிற ஆள். தம்பி கேட்ட மற்றக் கேள்விகளிலும் பாதி இந்த ஒரு இடத்தில்தான் சிக்கியிருக்கிறது.

மரத்தில் நம்பிக்கை வராவிட்டால் சந்திரயான்-3 இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23ஆம் திகதி நிலாவின் தென்முனைக்குக் கிட்ட இறங்கியது. அந்த இடத்தில் சூரியன் உதித்த கையோடு இறக்கினார்கள். ஏறத்தாழ 14 நாள் பகல், அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். பிறகு அங்கே சூரியன் மறைந்தது, சூரிய மின்தகடுகளுக்கு வெளிச்சம் போயிற்று. நட்சத்திரங்களை வைத்துப் பார்த்துச் சுழலாத நிலாவாக இருந்தால், ஒரே இடத்தில் பகலும் இரவும் இரு கிழமைக்கு ஒருமுறை இப்படி மாறி மாறி வராது.

இதே காரணத்தால் "நிலாவின் இருண்ட பக்கம்" என்ற பேச்சும் பிழை. எங்களுக்குத் தெரியாத பக்கம் உண்டு, இருண்ட பக்கம் இல்லை. அமாவாசை அன்று அந்தப் பின்பக்கம் முழுக்க நல்ல வெயிலில் கிடக்கிறது. 1959 ஒக்டோபரில் சோவியத்தின் லூனா 3 அதை முதன்முதலில் படம் எடுத்தது. 2019 ஜனவரியில் சீனாவின் சாங்ஓ-4 அங்கே இறங்கியது. இன்னொரு சின்ன விஷயம்: ஒரே முகம் என்று சொல்கிறோமே தவிர, நிலா கொஞ்சம் தலையாட்டும். அதன் பாதை சரியான வட்டம் இல்லாததாலும் அச்சுக் கொஞ்சம் சாய்ந்திருப்பதாலும் ஓரங்கள் எட்டிப் பார்க்கும். அப்படிப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தால் நிலாவின் 59 வீதத்தைப் பூமியில் இருந்தே கண்டுவிடலாம். பரணில் இருக்கிறவருக்கு இருவிழித் தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் ஓரத்துக் கரும்புள்ளிகள் விளிம்புக்குக் கிட்டப் போவதையும் விலகுவதையும் சில மாதங்களில் பிடித்துவிடுவார்.

முயல் தலைகீழாவது நல்ல கேள்வி. பலர் வாழ்நாள் முழுக்கப் பார்த்தும் கவனிக்காதது. இதில் நிலா எதுவும் செய்யவில்லை, திரும்புவது நாங்கள். பறுவத்தன்று முல்லைத்தீவுக் கடலுக்கு மேலே நிலா எழும்பும்போது, முதலில் வெளியே வருகிற விளிம்பு மேலே இருக்கும். விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது முதலில் மறைவதும் அதே விளிம்புதான். ஆனால் அப்போது அது கீழே இருக்கிறது. இடையில் நிலா எங்கள் உச்சிக்குக் கிட்டவாகப் போய் வந்ததால் முயல் ஏறக்குறைய குப்புற விழுந்துவிட்டது. கிளிநொச்சி மத்திய கோட்டில் இருந்து 9.4 பாகைதான் வடக்கே. அதனால் எழுவதற்கும் விழுவதற்கும் இடையே 160 பாகை அளவுக்குத் திருப்பம் வரும். இலண்டனில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர்களைக் கேளுங்கள், அங்கே கால்வட்டம்கூடத் திரும்பாது. வன்னிக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்பதும் இலண்டன்காரர் கேட்காததும் தற்செயல் இல்லை.

பூமியின் சுழற்சியைக் காண வன்னி வானம் உண்மையிலேயே நல்ல இடம். வடக்கே மரம் மறைக்காத வெளியில், ஒரு பெரிய குளக்கட்டில் நில்லுங்கள். கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி அடிவானத்தில் வைத்தால், முட்டிக்கு மேல் ஓரத்துக்குக் கிட்ட மங்கலாக ஒரு நட்சத்திரம் நிற்கும். அதுதான் துருவ நட்சத்திரம். இரவு முழுக்க அது அசையாது, மற்றவை அதைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிராக நகரும். திரும்பித் தெற்கே பார்த்தால் நகர்வு கடிகாரத் திசையில் இருக்கும். ஒரே சுழற்சிதான், நாங்கள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறோம்.

துருவ நட்சத்திரம் வருடம் முழுவதும் அதே இடத்தில் நிற்பது இன்னொரு பிழையான எண்ணத்தையும் தீர்த்துவிடும். பூமியின் அச்சு ஆறு மாதம் சூரியன் பக்கம் சரிந்து, அடுத்த ஆறு மாதம் மறுபக்கம் சரிகிறது என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள். பாடப்புத்தகப் படமும் அப்படித்தான் தோன்றும். அச்சு எங்கும் ஆடுவதில்லை. 23.4 பாகைச் சாய்வோடு ஒரே திசையைக் காட்டிக்கொண்டு சூரியனைச் சுற்றுகிறது. அதனால்தான் சூரியன் கிளிநொச்சியின் உச்சிக்கு வருடத்தில் இரண்டு முறை வருகிறது. ஒன்று ஏப்ரல் 14ஐ ஒட்டி, சித்திரைப் புதுவருட நாளிலேயே. மற்றது ஆகஸ்ட் கடைசியில்.

சரி, வெள்ளிக்கு வருவோம். அதற்கு முன் பூமியின் நாள் எவ்வளவு? 24 மணித்தியாலம் என்பது சூரியன் உச்சியில் இருந்து மறுபடி உச்சிக்கு வரும் நேரம். நட்சத்திரங்களை வைத்துப் பார்த்தால் பூமி ஒருமுறை சுழல எடுப்பது 23 மணித்தியாலம் 56 நிமிடம் 4 செக்கன். பூமி சுழன்று முடிக்கிற நேரத்தில் சூரியனைச் சுற்றியும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், சூரியனைப் பிடிக்க இன்னும் நாலு நிமிடம் கூடுதலாகத் திரும்ப வேண்டும். அந்த நாலு நிமிடம் வெறும் கணக்கு இல்லை. கார்த்திகை மாதத்தில் பொழுதுபடக் கிழக்கே எழும்புகிற கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், நாளுக்கு நாலு நிமிடம் முந்தி முந்தி, பங்குனியில் அதே நேரம் மேற்கே சரிந்து நிற்கும். வருடம் முழுக்கச் சேர்ந்தால் ஒரு முழுச் சுற்று. ஆக, 365 முறை விடிகிற வருடத்தில் பூமி 366 முறை சுழல்கிறது.

வெள்ளியில் இந்த வித்தியாசம் நாலு நிமிடத்தோடு நிற்காது. அது தன்னைத்தானே ஒருமுறை சுழல 243 நாள் எடுக்கிறது. சூரியனைச் சுற்ற 225 நாள். இதை வைத்துத்தான் "நாள் வருடத்தைவிடப் பெரிது" என்று எழுதுகிறார்கள். சுழற்சி என்று சொன்னால் சரி. ஆனால் நாள் என்றவுடன் எங்கள் மனதுக்கு வருவது ஒரு விடியலில் இருந்து அடுத்த விடியல். அது வெள்ளியில் ஏறத்தாழ 117 நாள்தான், ஏனென்றால் வெள்ளி சுழல்வது எதிர்த்திசையில். சுழற்சியும் சுற்றுப்பாதையில் நகர்வதும் ஒன்றுக்கொன்று உதவி, விடியலைக் கெதியாகக் கொண்டுவந்துவிடுகின்றன. ஒரு வெள்ளி வருடத்துக்குள் இரண்டு பகலிரவுக்குச் சற்றுக் குறைவாக அடங்கும். சூரியன் அங்கே மேற்கே உதிக்கும். உதித்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு தடித்த முகில்.

இந்த எதிர்ச்சுழற்சியைப் பஞ்சாங்கத்தில் வருகிற வக்கிரத்தோடு சிலர் குழப்புகிறார்கள். சம்பந்தம் இல்லை. சனி வக்கிரம், வியாழன் வக்கிரம் என்பது பூமி அவற்றை முந்திப் போகும்போது அவை பின்னால் போவதாகத் தோன்றுவது. அந்தக் கோள்கள் நின்றதும் இல்லை, திரும்பியதும் இல்லை.

நாள் வருடத்தைவிடப் பெரிதாக இருக்கும் கோள் வேண்டுமென்றால் புதனைக் காட்டலாம். அங்கே விடியலில் இருந்து விடியலுக்கு 176 நாள், வருடம் 88 நாள். இரண்டு வருடத்துக்கு ஒரு விடியல். இதன் கதையும் சொல்லத் தகுந்தது. இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி 1880களில் புதனைத் தொலைநோக்கியால் பார்த்து, நிலா பூமிக்குக் காட்டுவதுபோல அது சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டுகிறது என்றார். உலகம் எண்பது வருடத்துக்குக் கிட்ட அதை நம்பியது. 1965இல் பெற்றன்கில், டைஸ் என்ற இருவர் அரெசிபோ என்ற பெரிய வானொலித் தொலைநோக்கியில் இருந்து ராடர் அலை அனுப்பிப் பார்த்தார்கள். புதனின் சுழற்சி 59 நாளுக்குக் கிட்ட. சூரியனை இரண்டு முறை சுற்றுவதற்குள் மூன்று முறை சுழல்கிறது.

அப்படியானால் முன்னைய ஆட்களுக்குக் கண் தெரியவில்லையா? தெரிந்தது. புதன் சூரியனை விட்டு அதிகம் விலகாது, நன்றாகப் பார்க்கக்கூடிய தருணங்கள் குறைவு. அந்த நல்ல தருணங்கள் ஏறத்தாழ 350 நாளுக்கு ஒருமுறை திரும்பி வரும். அதற்குள் புதன் கிட்டத்தட்ட ஆறு முறை சுழன்று பழைய முகத்தையே காட்டிக்கொண்டு நிற்கும். மங்கலான அந்தப் படத்தில் அதே புள்ளிகளைத் திரும்பத் திரும்பக் கண்டவர்கள், அது சூரியனுக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது என்று முடிவுகட்டினார்கள். எங்கள் பரண்காரத் தம்பிக்கு நல்ல துணை.

அடுத்தது வேகம். பூமியின் சுழற்சியால் கிளிநொச்சியில் இருக்கிறவர் மணிக்கு ஏறத்தாழ 1650 கிலோமீற்றர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார். தெரியாததற்குக் காரணம், வேகம் மாறாமல் இருப்பதும் காற்று, குளம், பறவை எல்லாம் கூடவே வருவதும்தான். ஹெலிகொப்டர் ஒன்று மாங்குளத்தில் எழும்பி ஒரே இடத்தில் நின்றால் கீழே பூமி ஓடி, கொஞ்ச நேரத்தில் மன்னார் வந்துவிடுமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எழும்புவதற்கு முன்பே அந்த 1650 கிலோமீற்றர் வேகம் அதனிடம் இருக்கிறது, சுற்றியுள்ள காற்றிடமும் இருக்கிறது. அதைப் பிடுங்க எதுவும் இல்லை.

இந்தச் சந்தேகம் பழசு. 499ஆம் ஆண்டை ஒட்டி ஆரியபட்டர், ஆற்றில் முன்னே போகிற ஓடத்தில் இருப்பவனுக்குக் கரை பின்னே போவதாகத் தெரிவதுபோல, இலங்கையில் இருப்பவனுக்கு அசையாத நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று எழுதினார். அவர் சொன்ன இலங்கை மத்திய கோட்டில் கற்பனையாக வைத்த ஒரு புள்ளி, எங்கள் தீவைக் குறித்த வரைபடக் கணக்கில்லை. என்றாலும் பெருமைப்பட்டுக்கொள்வதில் தவறில்லை. அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர் என்ற வானியலாளர் மறுத்தார்: பூமி சுழன்றால் வானத்தில் போன பறவை எப்படிக் கூட்டுக்குத் திரும்பும்? ஹெலிகொப்டர் கேள்விதான், இறக்கை மட்டும் வேறு.

சுழற்சி எங்களைத் தூக்கி எறியாதா என்றால், கொஞ்சம் முயற்சி செய்கிறது. மிகக் கொஞ்சம். 50 கிலோ யூரியாப் பையை வில் தராசில் தொங்கவிட்டால், பூமி சுழல்வதால் மட்டும் ஏறத்தாழ 170 கிராம் குறைவாகக் காட்டும். படிக்கல் வைத்து நிறுக்கிற தராசில் வித்தியாசமே வராது, படிக்கல்லும் அதே அளவு இலேசாகிவிடும். ஆகவே உரக்கடைக்காரரிடம் இதைச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம். சுழற்சிதான் ஈர்ப்பைத் தருகிறது என்று சிலர் நினைப்பது இதற்கு நேர் எதிரான பிழை. ஈர்ப்பு நிறையால் வருவது, சுழற்சி அதை இம்மியளவு குறைக்கத்தான் செய்கிறது. வேகமாகச் சுழலும் கோளில் அந்த இம்மி பெரிதாகும். பத்தரை மணித்தியாலத்தில் சுழன்றுவிடும் சனி இடுப்புப் பெருத்து நிற்கிறது: குறுக்களவு நடுவில் 1,20,500 கிலோமீற்றர், முனைக்கு முனை 1,08,700.

தொட்டித் தண்ணீருக்கும் பூமியின் சுழற்சிக்கும் தொடர்பு இல்லை. அடைப்பை எந்தப் பக்கம் இழுத்தீர்கள், தண்ணீர் எப்படி ஊற்றினீர்கள் என்பதுதான் சுழியின் திசையைத் தீர்மானிக்கும். 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஆஷர் ஷபிரோ என்பவர் ஆறடி அகலத் தொட்டியில் நீரை ஒருநாள் முழுக்க அசையாமல் விட்டு, அதன்பிறகு மெல்ல வடியவிட்டுத்தான் பூமியின் விளைவைக் கண்டார். எங்கள் அகலாங்கில் அந்த விளைவு அங்கே உள்ளதில் கால்பங்குதான். புயல் வேறு. 2020 டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை ஏறிய புரேவி, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழன்றது பூமி சுழல்வதால்தான். நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் அகலமும் நாள்கணக்கான நேரமும் இருந்தால் அந்தச் சின்ன இழுப்பு வேலை செய்யும். கிணற்றடித் தொட்டிக்கு இரண்டும் இல்லை.

நிலா ஏன் இவ்வளவு கச்சிதமாக ஒரு சுற்றுக்கு ஒரு சுழற்சி என்று வைத்திருக்கிறது? தற்செயல் இல்லை. தொடக்கத்தில் வேறு வேகத்தில் சுழன்றிருக்கும். பூமியின் ஈர்ப்பு நிலாவின் கிட்டிய பக்கத்தைக் கூடுதலாகவும் தூரப் பக்கத்தைக் குறைவாகவும் இழுப்பதால் நிலா கொஞ்சம் நீண்டது. சுழலும்போது அந்தப் புடைப்பு இடம் மாறிக்கொண்டே இருக்க, உள்ளே உராய்வில் சுழற்சி வேகம் கரைந்தது. புடைப்பு பூமியை நேராகப் பார்த்து நின்ற நிலையில் கரைய ஒன்றும் மிச்சமில்லை. நிலாவும் சும்மா இருக்கவில்லை, எங்கள் கடலை இழுத்து வற்றுப்பெருக்கை உண்டாக்கிப் பூமியின் சுழற்சியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறது. நாள் நூறு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு நீள்கிறது. நிலா வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போகிறது. அப்பலோ வீரர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடிகளில் லேசர் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து இதை அளக்கிறார்கள். 1963இல் ஜோன் வெல்ஸ் என்பவர் ஏறத்தாழ 40 கோடி வருடத்துக்கு முந்திய பவளப் புதைபடிவங்களில் நாள்வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். வருடத்துக்கு 400 நாள் வந்தது. அப்போது நாள் 22 மணித்தியாலம்தான்.

மகள் அடுத்ததாக எல்லா நிலாக்களும் இப்படித்தானா என்று கேட்பாள். பெரிய நிலாக்கள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான்: வியாழனின் நான்கு பெரியவை, சனியின் டைட்டன். புளூட்டோவும் அதன் நிலா சாரனும் ஒருபடி மேலே போய் இரண்டும் ஒன்றையொன்று முகம் திருப்பாமல் பார்த்துக்கொண்டு 6.4 நாளில் சுழல்கின்றன. செவ்வாயின் போபோஸ் செவ்வாய்க்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது, ஆனால் செவ்வாய் ஒருமுறை சுழல்வதற்குள் மூன்று தடவை ஓடி முடித்துவிடுவதால் அங்கே மேற்கே எழும்பிக் கிழக்கே மறையும். இந்த ஒழுங்குக்குள் அடங்காதது சனியின் ஹைபீரியன். உருளைக்கிழங்கு மாதிரிக் கோணல் உருவம், நீள்வட்டப் பாதை, பக்கத்தில் டைட்டனின் இழுப்பு. அதன் சுழற்சி வேகமும் மாறும், அச்சும் மாறும். ஹைபீரியனில் ஒருநாள் எவ்வளவு என்று மகளின் பரீட்சையில் கேட்டால், அதற்கு எழுத ஓர் எண் கிடையாது.